சயாம் நாட்டில் ஓய்வுக் காலம்

உத்தியோகத்தை விட்டு இறங்கும் நாள் நெருங்க நெருங்க, பிறமொழி நாட்டில் வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு வினா தவறாமல் எழுகின்றது. ‘இனி எங்கே இருப்பது?’ என்பதே அது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுக்க வேண்டும். மகன் பெங்களூரில், மகள் துபாயில். சொந்த ஊர் வீட்டிலோ ஓடு சரிந்து கிடக்கிறது. நான் பணியாற்றும் இரயில்வே அலுவலகத்தில் மாதக் கடைசி நாளன்று மாலை சூட்டி வழியனுப்பப்பெறும் பெரியவர்களிடம் இவ்வினாவைக் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். ‘பார்ப்போம்’ என்பதற்கு மேல் விடை சொல்பவர் மிகச் சிலரே.

நம் நகரத்தில் வாழ்ந்த பெரியோர் இதற்கு வெவ்வேறு விடை கண்டனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் திருவனந்தபுரத்தில் ஆசிரியப்பணி ஆற்றி 1931-இல் ஓய்வு பெற்றதும், நாகர்கோவிலை அடுத்த புத்தேரிக்குச் சென்று, 1954-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். அந்நாளில் புத்தேரியும் திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்ததே. 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் அப்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மாறாக, 1917-இல் இங்கிலாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், நம் நகரத்து நாலாஞ்சிறையில் செங்கல் வீடு கட்டிக்கொண்டு, இந்தியக் குடியுரிமையும் பெற்று, 2007-இல் தொண்ணூறு வயது நிறைந்த நிலையில் இங்கேயே கண்மூடினார். ஒருவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார். மற்றவர் உழைத்த மண்ணில் தங்கினார்.

பிறந்த ஊருமன்றி, உழைத்த ஊருமன்றி, மூன்றாவது ஒரு நாட்டில் போய் முதுமையைக் கழிக்கலாம் என்னும் எண்ணம் அண்மைக் காலத்தில் நம்மவரிடையே பரவி வருகின்றது. அந்த மூன்றாம் நாடாகப் பெரிதும் பேசப்படுவது தாய்லாந்து. நம் பாட்டன்மார் சயாம் என்று அழைத்த நாடு. ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஓய்வு பெற்றோர் அங்கே சென்று குடியிருப்பது நெடுநாளைய வழக்கம். இப்போது நம் சங்கத்து அன்பர்களிலேயே இருவர், ‘மாதம் ஐம்பதினாயிரம் ரூபாய் இருந்தால் அங்கே இராஜ வாழ்க்கையாமே, உண்மையா?’ என்று என்னைக் கேட்டுவிட்டனர். டிக்கெட்டு எழுதுகிறவனுக்கு எல்லா ஊரும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம் போலும்!

அவர்களுக்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அங்கே பதினோர் ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஒருவர், கரமனையிலுள்ள தம் தங்கை வீட்டுக்கு நவராத்திரியை ஒட்டி ஆண்டுதோறும் வருகிறார். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக நம் நகரத்துக்கு எழுந்தருளும் அந்தக் காட்சியைச் சிறு வயது முதல் கண்டவர். அதைத் தவறவிட மனம் ஒவ்வாதவர். அவரோடு இரண்டு மாலைப் பொழுது உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வயது 71. நாஞ்சில் நாட்டுக் குடும்பம். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக 28 ஆண்டுகள் உழைத்தவர். மனைவி காலமான பின், பிள்ளைகளும் இல்லாமையால், சேமித்த பணத்தோடு தாய்லாந்து சென்றார். பெயரை எழுத வேண்டா என்று கேட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைத்தேன். இங்கும் அவ்வாறே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். ஏனெனில் கேட்பவர் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஓய்வு பெற்றோர் என்ற முறையில் தாய்லாந்தில் தங்க விரும்புகிறவர் 50 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். அந்நாட்டு வங்கியில் 8 இலட்சம் பாத் தம் பெயரில் வைத்திருக்க வேண்டும்; அல்லது மாதம் 65,000 பாத் வருவாய் உண்டென்று காட்ட வேண்டும்; அல்லது இரண்டும் கலந்து ஆண்டுக்கு 8 இலட்சம் கணக்காக வேண்டும். ஒரு பாத் நம் நாணயத்தில் இரண்டரை ரூபாய்க்குக் குறையாது. ஆகவே வங்கியில் வைக்க வேண்டிய தொகை 20 இலட்சம் ரூபாய்க்கு மேல். மாத வருவாயாகக் காட்டுவதானால் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல். இரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெறுபவரின் ஓய்வூதியம் இந்த எல்லைக்கு எட்டாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வங்கியிலுள்ள அத்தொகையையும் நினைத்தபடி எடுத்துச் செலவிடலாகாது. அனுமதி கிடைத்து மூன்று மாதம்வரை முழுமையாக இருக்க வேண்டும். அதன் பிறகும் 4 இலட்சம் பாத்துக்குக் கீழே இறங்கலாகாது. சாப்பாட்டுக்குச் செலவு குறைவு என்பது மெய்தான். ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்காருவதற்கு முன் வைக்க வேண்டிய பிணைத்தொகை பெரிது.

இவ்வனுமதி ஓராண்டுக்கு மட்டுமே. ஆண்டுதோறும் 1,900 பாத் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அன்றியும், ஒவ்வொரு 90 நாளுக்கும் ஒருமுறை, ‘நான் இன்ன முகவரியில் இருக்கிறேன்’ என்று குடிநுழைவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம். அயல்நாட்டாரைக் குடிவைத்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். தங்கை மகள் கலியாணத்துக்கென்று திடீரென இந்தியாவுக்குப் புறப்பட்டால்கூட, திரும்பி நுழையும் அனுமதியை முன்னதாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறந்து விமானமேறினால், அந்த ஆண்டு அனுமதி அத்தோடு முடிந்தது.

“நம்மூரில் பென்ஷன் வாங்குபவர்கள் நவம்பர் மாதம் உயிரோடிருப்பதாகச் சான்றிதழ் கொடுக்கிறார்களே, தம்பி, அதற்கே எவ்வளவு முணுமுணுப்பு! நான் வருஷத்தில் நான்கு தடவை கொடுக்கிறேன். அதுவும் பென்ஷன் வாங்குவதற்கல்ல, வெறுமனே இருப்பதற்கு!” என்று சொல்லி அண்ணாச்சி நகைத்தார். 2014 முதல் நம் ஓய்வூதியர்கள் கைவிரல் பதித்து வீட்டிலிருந்தபடியே அச்சான்றிதழை அனுப்ப வழி வந்துவிட்டது என்று நான் சொன்னேன். அங்கும் முதல் முறை நேரில் சென்ற பின் கணினி வழியே அறிவிக்கலாமாம். ஆயினும் அவர் நேரில்தான் செல்கிறார். “அந்த அலுவலகத்துப் பெண் என் பெயரை முழுவதும் பிழையில்லாமல் சொல்லுவாள். அந்த ஊரில் என் பெயரை முழுவதும் சொல்லுகிறவள் அவள் ஒருத்திதான்.”

நிற்க. அவர் வாழும் ஊரின் பெயர் ஹுவா ஹின். ‘கல் தலை’ என்பது பொருளாம். பாங்காக் மாநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் கடலோரம் அமைந்தது. அரச குடும்பத்தின் கோடை மாளிகை அங்குள்ளது. அதன் பெயர் ‘கிலாய் கங்வொன்’. அதாவது, ‘கவலைக்கு அப்பால்’. ஓய்வு பெற்றோர் குடியேறுதற்கு இதனினும் பொருத்தமான பெயருடைய ஊர் வேண்டுமோ? ஆனால் வரலாறு குறும்பு செய்வதுண்டு. 1932 ஜூன் மாதம் பாங்காக்கில் புரட்சி நிகழ்ந்து முடியாட்சியின் முழு அதிகாரம் பறிக்கப்பட்டபோது, பிரஜாதிபோக் மன்னர் ஹுவா ஹினில்தான் இருந்தார். கவலைக்கு அப்பாலும் கவலை தேடிக்கொண்டு வந்துவிட்டது.

இரயில்வேக்காரனாகிய நான் அவ்வூர் நிலையத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். சிவப்பும் வெண்மையுமாக வண்ணம் தீட்டிய பழைய மரக் கட்டடம் இன்றும் பேணப்படுகிறது. 2023 இறுதியில் அருகே உயர்பாலத்தின்மேல் புதிய நிலையம் திறந்துவிட்டார்கள். தாய்லாந்து இரயில்வே முழுவதும் மீட்டர் பாதை. நம் கொல்லம்–திருவனந்தபுரம் பாதையும் 1970-களின் நடுப்பகுதிவரை மீட்டர் பாதையாகத்தானே இருந்தது! தாய் மொழியில் இரயிலுக்கு ‘ரொட் பாய்’ என்று பெயர். ‘ரொட்’ என்பது நம் ரதம். ‘பாய்’ என்பது நெருப்பு. நெருப்புத் தேர்! நிலையத்துக்கு ‘சதானி’, ஸ்தானம் என்னும் வடசொல்லின் சாயல். உணவுக்கு ‘ஆஹான்’, ஆகாரமேதான். இவ்வாறு வடமொழி வழியே வந்து மருவிய சொற்கள் ஏராளம். அண்ணாச்சி அறுபது வயதில் எழுத்துக் கூட்டித் தாய் மொழி படிக்கத் தொடங்கி, இன்று கடைப் பலகைகளையும் மருந்துச் சீட்டையும் படிக்கிறார். அங்கே இருபதாண்டு வாழ்ந்தும் ‘நன்றி’ என்பதற்கு மேல் ஒரு சொல் அறியாத வெள்ளையரைக் கண்டால் அவருக்குக் கோபம் வருகிறது. இங்கே முப்பதாண்டு வாழ்ந்தும் மலையாளப் பத்திரிகையை எட்டிப் பாராத நம்மவர் சிலரின் நினைவு எனக்கு வந்தது. சொல்லவில்லை.

அவருடைய நாள் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. கடற்கரையில் உலவித் திரும்பும்போது, காவியுடுத்த பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாகப் பிச்சையேற்று வருவார்கள். தெருவிலுள்ள மூதாட்டியரோடு தாமும் நின்று ஒரு கரண்டிச் சோறு இடுவார். எட்டு மணிக்குப் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். நடப்பவர் அப்படியே நிற்பர். மாலை ஆறு மணிக்கும் அவ்வாறே. பிறகு சந்தை. அண்ணாச்சி புலால் உண்ணாதவர். அந்நாட்டிலோ கத்தரிக்காய்க் கறியிலும் மீன்சாறு ஊற்றுவார்கள். ‘ஜே’ என்று ஒரு சொல் உண்டாம். அதைச் சொன்னால் மீனும் இறைச்சியும் இன்றிச் சமைத்துத் தருவார்கள். புரட்டாசி–ஐப்பசியில், ஏறத்தாழ நம் நவராத்திரியை ஒட்டி, அங்குள்ள சீனர் ஒன்பது நாள் புலால் நீக்கிய விரதம் கொண்டாடுவர். மஞ்சள் கொடி கட்டிய கடையில் எதையும் அஞ்சாமல் உண்ணலாம். மற்ற நாள்களில் தம் சமையல்தான். தேங்காயும் புளியும் தாராளமாகக் கிடைக்கின்றன. உளுத்தம் பருப்பு பாங்காக்கிலிருந்து வர வேண்டும். இட்லி மாவை அவரே அரைக்கிறார்.

பாங்காக் செல்லும்போதெல்லாம் சீலோம் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர் எழுப்பிய கோயில் அது. தாய் மக்கள் அதை ‘வாட் கேக்’ என்பர். ‘கேக்’ என்றால் விருந்தாளி என்றும் பொருள், மேற்கிலிருந்து வந்த அயலான் என்றும் பொருள். இன்று அங்கே மாலையும் தேங்காயும் ஏந்தி நிற்போரில் பெரும்பாலோர் தாய் மக்களே. விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலம் வரும்போது சாலையே கொள்ளாதாம். நம் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 13 முதல் மூன்று நாள், அவர்களுக்கு ‘சொங்க்ரான்’. சங்கராந்தி என்பதன் திரிபு. இளையோர் முதியோர் கைகளில் நறுநீர் வார்த்து வாழ்த்துப் பெறுவது அதன் பழைய சடங்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அண்ணாச்சியின் கையிலும் வார்க்கிறார்கள். இங்கே விஷுக் கைநீட்டம் கொடுத்துப் பழகிய கைக்கு அது புதிதாயிருந்தது என்றார்.

ஆண்டுக்கு ஒருமுறை காஞ்சனபுரி செல்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942–43-இல், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்ட செய்தி வாசகர்கள் அறிந்ததே. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மடிந்த எண்ணற்ற தமிழர்க்கு அவ்வாறு ஆளுக்கொரு கல் இல்லை. அப்பாதையின் ஒரு பகுதியில், நாம் டொக் வரையில், இன்றும் வண்டி ஓடுகிறது. அதில் ஏறிப் போய் இறங்கி, ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்புகிறார். இதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவருடன் காலையில் காப்பி அருந்துவோர் இங்கிலாந்து, நார்வே, ஜெர்மனி ஆகிய நாடுகளின் முதியவர்கள். அவர்கள் பேச்சு மூன்று நான்கு பொருளுக்குள்ளேயே சுழலும் என்றார்: விசா விதி, நாணய மாற்று விகிதம், டாக்டர், ஊரிலுள்ள பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்தது அல்லது அழைக்காதது. ஆங்கிலேயரின் குறை கேட்கத்தக்கது. பிரிட்டிஷ் அரசு தரும் முதியோர் ஓய்வூதியம் அந்நாட்டில் ஆண்டுதோறும் உயரும். ஆனால் தாய்லாந்தில் குடியிருப்பவருக்கு உயராது. முதன்முதலில் பெற்ற தொகை எதுவோ அதுவே இறுதிவரை. இருபதாண்டுக்கு முன் வந்தவர், இருபதாண்டுக்கு முந்திய தொகையில் இன்றைய விலைவாசியைச் சமாளிக்க வேண்டும். நம் மத்திய அரசு ஓய்வூதியர்க்கு ஆண்டில் இருமுறை அகவிலை நிவாரணம் உயர்வதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது நன்று. 2024 முதல் மற்றொரு கவலையும் சேர்ந்தது. ஆண்டில் 180 நாள் அல்லது அதற்கு மேல் தங்கும் அயல்நாட்டார், அவ்வாண்டு முதல் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருவாய்க்கும் வரிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி கடுமையாக்கப்பட்டது.

நிலம் வாங்கலாமா என்று கேட்பவர்க்கு விடை: கூடாது. அயல்நாட்டார் தாய்லாந்தில் நிலத்துக்கு உரிமையாளர் ஆக முடியாது. அடுக்குமாடியில் வீடு வாங்கலாம். அதுவும் ஒரு கட்டடத்தின் பரப்பில் நூற்றுக்கு 49 பங்குக்கு மேற்படாமல். ஆதலால் பலர் அந்நாட்டுப் பெண்ணை மணந்து அவள் பெயரில் நிலம் வாங்குகின்றனர். இவற்றுள் நல்வாழ்வாக அமைந்தனவும் பல. கசந்து போனபின், தாம் கட்டிய வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வெளியேறிய கிழவர்களும் சிலர். இதில் அண்ணாச்சியின் கருத்து சற்றுக் கடுமையானது. “அந்தப் பெண்களைத் திட்டுவது எளிது, தம்பி. எழுபது வயதுக்காரன் முப்பது வயதுக்காரியிடம் எதை விலைக்கு வாங்கினான் என்று அவனை யாரும் கேட்பதில்லை” என்றார்.

மலிவு என்று புகழப்படுவதைப் பற்றியும் அவருக்குத் தெளிவான எண்ணம் உண்டு. அந்நாட்டு அரசு தன் குடிமக்களில் முதியோர்க்குத் தரும் உதவித்தொகை வயதுக்கேற்ப மாதம் 600 முதல் 1,000 பாத் வரையே. அவர் வீட்டு முனையில் மாம்பழம் அரிந்து விற்கும் மூதாட்டிக்கு அவரைவிட வயது அதிகம். “நமக்கு மலிவாக இருப்பது அவளுக்குக் கூலியாக இருக்கிறது” என்றார். எனக்கு இது சரியெனப்பட்டது. ஆயினும் அவரும் அவளிடம்தானே மாம்பழம் வாங்குகிறார் என்றும் தோன்றியது. விலை பேசாமல் வாங்குவாராம்.

பணி செய்யவும் கூடாது. ஓய்வு பெற்றோர்க்குரிய அனுமதியில் தங்குபவர் ஊதியம் பெறும் வேலை எதுவும் ஏற்கலாகாது. கணக்குத் தெரிந்த மனிதர், தெருப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவும் தயங்குகிறார்; யாராவது எழுதிப் போட்டால் என்னாகுமோ என்னும் அச்சம். அரசியல் பேசுவதில்லை. அரசரையும் அரச குடும்பத்தையும் பழிப்போர்க்குச் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டம் அயல்நாட்டாரையும் விடாது. “கருத்து எனக்கும் உண்டு. அதை இங்கே கரமனையில் வந்து சொல்லுகிறேன்” என்றார். அவ்வாறே நம் நகரசபையின் குப்பை அள்ளும் முறை முதற்கொண்டு பலவற்றைப் பற்றி ஒரு மணி நேரம் கருத்துரைத்தார். ஆண்டு முழுவதும் அடக்கி வைத்தது போலும்.

இவ்வளவு தடையிருந்தும் அங்கே ஏன் வாழ வேண்டும்? நேராகவே கேட்டேன்.

“அண்ணாச்சி, தங்கை இங்கே இருக்கிறார்கள், மருமக்கள் தாங்குகிறார்கள். வந்துவிடலாமே?”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: “இங்கே வந்தால் நான் பெண்டாட்டியை இழந்து, பிள்ளையும் இல்லாத மனுஷன். கலியாண வீட்டில் என்னை எங்கே உட்காரச் சொல்வதென்று உங்களுக்கெல்லாம் தெரியாது. அங்கே நான் காலையில் கடற்கரையில் நடக்கிற கிழவன். அவ்வளவுதான். அது எனக்குச் சுகமாக இருக்கிறது.”

இதற்கு என்னால் மறுமொழி கூற இயலவில்லை. மனைவியை இழந்தவரையும் மகப்பேறு இல்லாதவரையும் நம் சடங்குகள் எவ்வளவு எளிதாக ஓரத்தில் நிறுத்திவிடுகின்றன! ஊரை விட்டுச் சென்றோர் எல்லோரும் மலிவு தேடிச் சென்றவர் அல்லர். ஆனாலும் நோய் வந்தால் என் செய்வது என்று கேட்டேன். அங்கேதான் அவர் குரல் தாழ்ந்தது.

தாய்லாந்தின் தனியார் மருத்துவமனைகள் உயர்ந்த தரத்தன, கட்டணமும் அவ்வாறே. 30 பாத் கொடுத்தால் வைத்தியம் என்று 2000-களின் தொடக்கத்தில் வந்த பொதுத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. ஓய்வு பெற்ற விருந்தாளிக்கு அன்று. வயது ஏற ஏறக் காப்பீட்டுக் கட்டணம் ஏறும். ஒரு வயதுக்கு மேல் புதிதாக ஏற்கவே மாட்டார்கள். நம் இரயில்வே ஓய்வூதியர் மருத்துவ அட்டையோடு பேட்டை இரயில்வே மருத்துவமனைக்குச் சென்று வரிசையில் நிற்பதைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் வரிசையின் முடிவில் மருந்து உண்டு. மேலும், கேரள அரசு 2008-இல் வலிதணிப்புச் சிகிச்சைக்கென ஒரு கொள்கை வகுத்து, உள்ளாட்சி வழியே செவிலியர் வீடு தேடி வரும் ஏற்பாட்டைச் செய்தது. படுக்கையிலிருக்கும் நோயாளியின் மொழி மலையாளமா தமிழா என்று பார்த்து அவர்கள் வருவதில்லை. அண்ணாச்சியின் தங்கை கணவர் இறுதி நாள்களில் இவ்வுதவியால் ஆறுதல் பெற்றதை அவர் கண்ணாரக் கண்டவர்.

இரண்டாண்டுக்கு முன் அவருடைய காப்பி நண்பராகிய ஆங்கிலேயர் ஒருவர், தம் அறையில் இரவில் இறந்துபோனார். தூதரகத்துக்குச் செய்தி போயிற்று. இங்கிலாந்திலிருந்த தமக்கையைத் தேடிப் பிடித்து, அவர் ஒப்புதல் தாள் வந்து சேரும்வரை உடல் மருத்துவமனையில் கிடந்தது. பிறகு ஊர்ப் புத்த விகாரத்துச் சுடலையில் எரியூட்டினர். தமக்கை தொலைபேசித் திரையில் பார்த்தார். தீ வைத்தவள், வீட்டு வாடகை வாங்கும் தாய்ப் பெண்மணி. அவள் அழுதாள் என்று அண்ணாச்சி சொன்னார். “நல்ல முறையில் செய்தாள், குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் எந்த ஊர்க்காரன், அவன் அப்பன் பெயர் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பூசாரி கேட்டபோது நாங்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டோம். பத்து வருஷம் ஒன்றாகக் காப்பி குடித்தவர்கள்.”

இரண்டாம் மாலையில் அவரே என்னை மடக்கினார். “உன்னைக் கேட்கிறேன், தம்பி. உன் அப்பா காலத்திலிருந்து இந்த ஊரில் இருக்கிறீர்கள். ஓட்டு உண்டு, வீடு வாங்கலாம், யாரிடமும் போய்க் கையெழுத்துப் போட வேண்டாம். அப்படியிருந்தும் நாகர்கோவிலுக்குப் போகும்போது ‘ஊருக்குப் போகிறேன்’ என்கிறாய். இது எந்த ஊர்?”

நாகர்கோவில் இங்கிருந்து 70 கிலோமீட்டர்கூட இல்லை. இந்தியாவின் எப்பகுதியிலும் தங்கிக் குடியிருக்கும் உரிமையை அரசியல் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. சாலையில் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. ரேஷன் அட்டை இருக்கிறது. அண்டை வீட்டு அம்மச்சி ஓணத்துக்குப் பாயசம் கொடுத்தனுப்புகிறார். ஆயினும் வாய் அப்படித்தான் சொல்லுகிறது. என் தந்தையார் அடுத்த ஆண்டு எண்பதைத் தொடுகிறார். நாகர்கோவில் வீட்டை விற்பதா வேண்டாவா என்று எங்கள் வீட்டில் நான்காண்டாகப் பேச்சு நடக்கிறது. விற்க வேண்டும் என்பது என் கட்சி. நோய்க்கு உதவுவோரும், பெயரறிந்தவரும், அப்பன் பெயரறிந்தவரும் இங்கேதான் இருக்கிறார்கள். தந்தையார் ஒப்பவில்லை. அண்ணாச்சியின் பேச்சைக் கேட்ட பின்னும் என் கட்சி மாறவில்லை. ஆனால் அவரை வற்புறுத்துவதை நிறுத்தியிருக்கிறேன்.

தாய்லாந்து செல்ல விரும்பும் சங்கத்து அன்பர்க்கு அண்ணாச்சி சொல்லி அனுப்பிய யோசனை இது: முதலில் சுற்றுலாப் பயணியாகச் சென்று, நல்ல பருவத்தில் அன்று, வெயிலும் மழையும் கொடுமையான மாதங்களில் தங்கிப் பார்க்க வேண்டும். வடக்கே சியாங் மாய் ஊரை விரும்புவோர், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல் எரிக்கும் புகை அந்நகரை மூடும்போது சென்று மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். வாடகை மோட்டார் சைக்கிளைத் தொடலாகாது. சாலை விபத்தில் உயிரிழப்போர் மிகுந்த நாடுகளுள் அது ஒன்று. வீட்டை விற்றுவிட்டுப் போகலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடல் நலிந்தால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்பதை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தம் பையிலிருந்த தாளை எடுத்துக் காட்டினார். நெகிழி உறைக்குள் நான்காக மடித்தது. ஒரு புறம் தாய் மொழி. அதன் கீழ் ஆங்கிலம்: பெயர், கடவுச்சீட்டு எண், இரத்த வகை, சர்க்கரை நோய்க்கு உண்ணும் மருந்து, தூதரகத்தின் முகவரி. மறுபுறம் தமிழில், தம் கையெழுத்தில், தந்தையார் பெயர், பாட்டனார் பெயர், பிறந்த நட்சத்திரம், கரமனைத் தங்கையின் தொலைபேசி எண்.